ஆறாம் பீப்பாயில் மிளகு

1909 அக்டோபர் 28, வியாழன்

பூஜை லீவு முடிந்து இன்று கல்கத்தா ஒயின் கிடங்கைத் திறந்தோம். பத்து நாள் பூட்டிக் கிடந்த கதவைத் திறந்ததும் ஈர மரமும் புளிப்பும் எலியும் சேர்ந்த ஒரு வாசனை முகத்தில் வந்து மோதியது. எனக்கு அது பிடிக்கும். என் ஆம்படையாள் நாகலக்ஷ்மிக்கு என் சட்டையில் அது பட்டாலே குமட்டும். சட்டையை வாசலிலேயே கழற்ற வைத்துவிடுவாள்.

"துப்பறதுக்குச் சம்பளம் குடுக்கற கம்பெனி லோகத்திலேயே இது ஒண்ணுதான். நன்னா கொப்புளிச்சேளா?"

"இன்னிக்குக் கொஞ்சம் உள்ளே போயிடுத்துடி. நீ ரெண்டு பேரா தெரியறே. ஒருத்தியே தாங்கலை எனக்கு."

பாவம், செம்பைக் கீழே போட்டுவிட்டாள். இருபத்திரண்டு வருஷமாக இதே விளையாட்டு. இன்னும் நம்புகிறாள்.

ருசி பார்க்கிற ஒயினில் ஒரு சொட்டு தொண்டைக்குள் போனதில்லை. அண்ணாந்து, டம்ளரைத் தூக்கி ஊற்றி, வாயில் உருட்டிச் சாம்பல் தொட்டியில் துப்பிவிடுவேன். முதலாளி லபோர்த் துரை முதல் நாள் கண்ணாடிக் கோப்பையில் வாய் வைக்கச் சொன்னார். எச்சில் பண்ண மாட்டேன், என் வெள்ளி டம்ளர்தான், மற்றவர்கள் வாய் வைப்பதற்கு முன்னால் என் பங்கை நானே ஊற்றிக்கொள்வேன் என்றேன். சிரித்தார். ஆனால் அன்றிலிருந்து இங்கே எந்தப் பாட்டில் திறந்தாலும் முதல் ஊற்று என்னுடையது. அப்புறம்தான் துரைக்கு.

காரைக்காலில் பாதிரிமார் பள்ளிக்கூடத்தில் மூன்று வகுப்பு படித்தேன். அங்கே கற்ற பிரெஞ்சு லேபிள் எழுதப் போதும். மீதி எல்லாம் மூக்கு.

அக்டோபர் 29, வெள்ளி

ஆறு பீப்பாய் புர்கோஞ் ஒயின் போன மாதக் கப்பலில் வந்தது. கப்பலில் ஆடி வந்த ஒயின் ஒரு மாதம் படுக்க வேண்டும் என்பது துரையின் சட்டம். அறுபத்துநாலு வருஷமாக ஆடுகிற எனக்குப் படுக்கை எப்போது என்று கேட்டேன். "நீ பழைய சரக்கு. அசைச்சா கலங்கிடுவே" என்றார். காரைக்காலில் சமையல்காரனிடம் கற்ற தமிழ். எல்லாருமே அவருக்கு 'நீ'தான்.

இன்று நிமாய் வரிசையாகப் பீப்பாய்களைத் தட்டிப் பார்த்தான். பீப்பாய் கட்டுவதும் பழுது பார்ப்பதும் அவன் வேலை. பெஹாலா பக்கத்திலிருந்து விடியற்காலையில் நடந்தே வருவான், நாற்பது வயசு. விரல் முட்டியால் இரண்டு தட்டுத் தட்டி உள்ளே எத்தனை விரற்கடை குறைந்திருக்கிறது என்று சொல்லுவான். கோல் விட்டுப் பார்த்தால் சரியாக இருக்கும். என் வயிற்றில் ஒரு தரம் தட்டிவிட்டு, "டாக்குர்மொஷாய், இது காலி" என்றான். பிராமணன் என்றால் இங்கே டாக்குர். மொஷாய் மரியாதைக்கு. வயிற்றில் தட்டுவது எதற்கு என்று தெரியவில்லை.

புர்கோஞ் எனக்குப் பிடித்தது. பொர்தோவில் மூன்று நாலு திராட்சையைச் சேர்ப்பார்கள், ஒன்றின் குறையை மற்றது மூடும். புர்கோஞ்சில் பினோ என்கிற ஒரே திராட்சைதான். "தனியா நிக்குது. ஒளிய இடம் இல்லே" என்பார் துரை. நிறம் மெலிசு. கண்ணாடிக்குப் பின்னால் விரல் வைத்தால் நகம் தெரியும். முதலில் பழம் வரும். கொஞ்சம் பொறுத்தால் காய்ந்த ரோஜா இதழ். கடைசியில், துப்பின பிற்பாடு, மழை விட்ட தோட்டத்து மண்.

அடுத்த வரிசையில் எர்மிதாஜ் ஒயின். அதுவும் ஒரே திராட்சைதான், சிரா என்று பெயர். கறுப்பு. மூக்கை வைத்தால் யாரோ அப்போதுதான் அம்மியில் மிளகு உடைத்த மாதிரி. இரண்டையும் குழப்பிக்கொள்ள முடியாது. ஒன்று வீணை, ஒன்று தவில்.

அக்டோபர் 30, சனி

இன்று ஒரு வேடிக்கை.

கிறிஸ்மஸ் விருந்துக்கு ஒயின் பொறுக்க ஒரு கிளப்பிலிருந்து இங்கிலீஷ் துரை வந்தார். மீசை நுனியில் மெழுகு. லபோர்த் துரை சந்தன்நகர் போயிருந்தார். நிமாய் படித்துறையில் சரக்கு இறக்கிக்கொண்டிருந்தான். நானும் அவரும்தான். ஆறாம் பீப்பாயிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். கண்ணை மூடி, கோப்பையைச் சுற்றி, சந்தியாவந்தனம் பண்ணுகிற மாதிரி ஒரு முகம். எனக்கு இந்த முகத்தைப் பார்த்தால் கை சும்மா இருக்காது, வாயும்தான்.

"கலப்பில்லாத பினோதானே?" என்று கேட்டார்.

"நல்ல மூக்குக்கு மட்டும் தெரியும் துரை. கொஞ்சம் சிரா இருக்கு. மிளகு."

மறுபடி முகர்ந்தார். காது சிவந்தது. "ஆமாம் ஆமாம். முதல்லேயே கவனிச்சேன். நீ சொல்றியான்னு பார்த்தேன்" என்றார்!

அவர் படி இறங்கிப் போகும் வரை சிரிப்பை அடக்கி என் விலா வலித்தது. திங்கட்கிழமை நிமாயிடம் சொல்ல வேண்டும்.

நவம்பர் 1, திங்கள்

நிமாய் வரவில்லை. அவன் பெண்டாட்டிக்கு ஜுரமாம்.

நவம்பர் 2, செவ்வாய்

கிளப்பிலிருந்து கடுதாசி. ஆர்டர் ரத்து. உங்கள் ஆளே கலப்பு என்று ஒப்புக்கொண்டான், கொண்டுபோன சாம்பிளில் எங்கள் கமிட்டியும் மிளகைக் கண்டுபிடித்துவிட்டது என்று எழுதியிருக்கிறார்கள். கமிட்டியாம்!

துரை முகம் வெளுத்துப் போயிற்று. "நீ சொன்னியா?"

விளையாட்டுக்குச் சொன்னேன் என்று சொல்ல வாயைத் திறந்தேன். நிஜமாகத் திறந்தேன். அதற்குள் அவர் விறுவிறுவென்று போய் ஆறாம் பீப்பாயில் எடுத்து, முகர்ந்து, வாயில் வைத்து, வெகு நேரம் நின்றார்.

"மிளகு" என்றார். "இருக்கு. நான் கவனிக்கலே. நீ கவனிச்சே. நல்ல நாக்கு." என் தோளைத் தட்டினார்.

இருபத்திரண்டு வருஷத்தில் முதல் தட்டு. நான் வாயை மூடிக்கொண்டேன்.

அவர் போனதும் நானும் டம்ளரில் ஊற்றிப் பார்த்தேன். பழம். ரோஜா. அப்புறம்—

மிளகு.

எங்கிருந்து வந்தது? நான் போட்ட மிளகு அது, என் வாயிலிருந்து போனது. எப்படிப் பீப்பாய்க்குள் இருக்கும்?

நவம்பர் 4, வியாழன்

பிரான்சில் ஒயின் அனுப்பின கம்பெனிக்குத் துரை தந்தி அடித்திருந்தார். இன்று பதில். நாங்கள் அனுப்பியது சுத்தமான பினோ, எங்கள் ஏஜெண்ட் ரங்கூனில் இருக்கிறார், அனுப்பும்போதே அந்தச் சரக்கில் எடுத்து முத்திரை வைத்த சாம்பிள் பாட்டில் அவரிடம் இருக்கிறது, கல்கத்தா வந்து ஒப்பிட்டுக் காட்டுவார்.

துரை காகிதத்தை மடித்தபடி சொன்னார்: "அங்கே சுத்தம். இங்கே கலப்பு. அப்போ இங்கேதான் எவனோ கலந்தான்."

கிடங்குச் சாவி மூன்று பேரிடம். துரை. நான். நிமாய்.

நவம்பர் 6, சனி

நிமாய் இன்று வந்தான். துரை அவனை எர்மிதாஜ் பீப்பாய் முன்னால் நிறுத்திக் கோல் விட்டு அளந்தார். ஒரு சாண் குறைவு.

"எங்கே போச்சு?"

"கோடை குடிச்சிடுச்சு சாயேப்" என்றான் நிமாய். மரத்தின் வழியாக ஆவியாகப் போகும், கல்கத்தா வெயிலில் எல்லாப் பீப்பாயும் குறையும், துரைக்குத் தெரியாததா? ஆனால் அவர் அந்த ஒரு பீப்பாயைத்தான் அளந்தார். எர்மிதாஜைக் கொஞ்சம் கொஞ்சமாக உருவி வெளியே விற்றிருக்கிறான், ஆறாம் பீப்பாயில் புர்கோஞ்சையும் உருவிவிட்டு அது தெரியாமல் இருக்க எர்மிதாஜை ஊற்றியிருக்கிறான் என்று அவர் மனசுக்குள் கதை எழுதி முடித்தாயிற்று.

நிமாய் என் பக்கம் திரும்பி, "டாக்குர்மொஷாய், நீங்க சொல்லுங்க" என்றான்.

நான் என்ன சொன்னேன்? "துரைக்கு இன்னிக்கு உடம்பு சரியில்லை, அப்புறம் பேசிக்கலாம்" என்றேன். அதைத்தான் சொன்னேன். நிஜத்தைச் சொன்னால் ரத்தான ஆர்டர், பிரான்ஸ் கம்பெனியின் பெயர், இங்கிலீஷ் கிளப்பின் மானம் — இத்தனையும் என் தலையில் விழும். இந்த வயசில் துரத்தினால் யார் என் மூக்கை வேலைக்கு வைத்துக்கொள்வார்கள்?

நவம்பர் 8, திங்கள்

நிமாயைப் போலீஸ் பிடித்துக்கொண்டு போய்விட்டது. துரைதான் எழுதிக் கொடுத்தார்.

நவம்பர் 9, செவ்வாய்

சாப்பிட முடியலை.

நிமாய் வீட்டைச் சோதனை போட்டார்களாம், திருட்டு ஒயின் தேடி. ஒயின் கிடைக்கவில்லை. கந்தகம் கிடைத்தது. ஒரு சின்ன மூட்டை.

ஐயோ, அது பீப்பாய்க்கு! காலிப் பீப்பாய் கெட்டுப் போகாமல் இருக்கத் துணியைக் கந்தகத்தில் தோய்த்துத் திரி பண்ணி உள்ளே கொளுத்துவான். கிடங்கில் நெருப்பு கூடாது, திரியை வீட்டிலேயே தோய்த்துக்கொண்டு வா என்று சொன்னதே துரைதான். எனக்குத் தெரியும், துரைக்குத் தெரியும். போலீஸுக்கு என்ன தெரியும்? துரைமார் மேல் குண்டு வீசுகிற இந்தக் காலத்தில், இந்த ஊரில், ஒரு வங்காளி வீட்டில் கந்தகம் என்றால் வெடிகுண்டு. திருட்டுக் கேஸ் வெடிகுண்டுக் கேஸ் ஆகிறது. அந்தமானுக்கென்று தண்டனை விதித்தவர்களை எண்ணினால் விரல் போதாது.

ஒரு வார்த்தை. மிளகு. அவ்வளவுதானே சொன்னேன்?

நவம்பர் 10, புதன்

நிமாயின் பெண்டாட்டி கிரிபாலா பவானிப்பூருக்கு என் வீடு தேடி வந்தாள். ஜுரம் விட்டும் விடாத முகம். வாசற்படிக்குக் கீழே உட்கார்ந்துகொண்டாள், உள்ளே வரவில்லை. நாகலக்ஷ்மி மோர் கொடுத்தாள்.

"அவர் சொல்லி அனுப்பிச்சாரு. கந்தகம் தொழிலுக்குன்னு உங்க துரை ஒரு கடுதாசி குடுத்தா விட்டுடுவாங்களாம். துரைகிட்ட டாக்குர்மொஷாய் சொன்னா நடக்கும், அவர் நம்ம ஆளுன்னாரு."

நம்ம ஆள்.

அவள் போனதும் நாகலக்ஷ்மி, "ஏன்னா உங்க மூஞ்சி இப்படி இருக்கு? நீங்க என்ன பண்ணினேள்?" என்றாள். என்ன பண்ணினேள் என்றுதான் கேட்டாள். என்ன ஆச்சு என்று கேட்கவில்லை. நாற்பத்தைந்து வருஷம் கூட இருந்தவள்.

சொன்னேன். முழுக்க. அவள் திட்டுவாள் என்று பார்த்தேன். திட்டவில்லை. அதுதான் பயமாக இருந்தது. மோர் வைத்த பாத்திரத்தைக் கழுவிக் கவிழ்த்தாள்.

நவம்பர் 12, வெள்ளி. தீபாவளி

விடியும் முன் எண்ணெய் தேய்த்துக் குளித்தோம். சாயங்காலம் இங்கே காளி பூஜை. இருட்டினதும் ஊர் முழுக்க வெடி. தெரு முழுக்கக் கந்தகப் புகை, பிள்ளைகள் கையில் எல்லாம் கந்தகம். ஒரு போலீஸ்காரனும் ஒன்றும் கேட்கவில்லை. ஒவ்வொரு வெடிக்கும் நான் தூக்கிப் போட்டு எழுந்தேன்.

நாளைக்குச் சொல்லிவிடுகிறேன். நாளைக்கு.

நவம்பர் 13, சனி

சொல்லிவிட்டேன். நம்பவில்லை.

துரை மேஜைக்கு முன்னால் நின்று, "கலப்பே இல்லை துரை. அந்த மீசைக்காரனைக் கேலி பண்ணச் சொன்னேன். நிமாய் திருடலை" என்றேன்.

துரை மெதுவாக நிமிர்ந்தார். "என் வாயில மிளகு இருந்துச்சு. நீ சொல்லி மிளகு வருமா?"

"எனக்கும் வந்தது துரை. அதுதான் எனக்கும் புரியலை."

"பாரு, உனக்கும் வந்துச்சு. இப்போ சிநேகிதனைக் காப்பாத்தப் பொய் சொல்றே. போன வருஷம் பொர்தோவுல பல்லி கிடக்குன்னே. அதுக்கு முன்னாடி என் பெண்சாதி கப்பல்ல வந்துட்டான்னே, நான் ஓடினேன் படித்துறைக்கு. எந்த வார்த்தையை நம்பறது? நீ சொன்னதுல மிளகு ஒண்ணுதான் நிஜம்."

கந்தகத்துக்காவது ஒரு கடுதாசி கொடுங்கள் என்றேன். திருடனுக்கு எழுத மாட்டேன் என்றார். ஏஜெண்ட் வரட்டும், சாம்பிள் பாட்டிலோடு ஒப்பிட்டு ருசிக்கட்டும், சுத்தம் என்றால் அன்றைக்கே எழுதுகிறேன் என்றார்.

துரையும் கூட ருசிப்பார். அவர் நாக்கு ஏற்கெனவே தீர்ப்புச் சொல்லிவிட்டது.

நவம்பர் 15, திங்கள்

அடுத்த வீட்டு வெங்கடராமன் சர்க்கார் ஆபீஸில் பெரிய குமாஸ்தா. கோர்ட்டில் ஆள் தெரியும். போய்க் கேட்டேன். சிரித்துக்கொண்டே கதவைத் திறந்தவர் கந்தகம் என்று கேட்டதும் ஜன்னலைச் சாத்தினார்.

"ஓய், பாம் கேஸ்லே என் பேரை இழுத்துடாதேயும். நீர் இங்கே வரவும் இல்லை, நான் பேசவும் இல்லை."

நவம்பர் 17, புதன்

கிரிபாலா மறுபடி வந்தாள். நான் சமையல் உள்ளில் ஒளிந்துகொண்டேன். நாகலக்ஷ்மி, நான் வீட்டில் இல்லை என்று சொன்னாள். சொல்லிவிட்டு உள்ளே வந்து என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வைக்கு அவள் திட்டியே இருக்கலாம்.

நவம்பர் 20, சனி

ரங்கூன் கப்பல் வந்துவிட்டது. ஏஜெண்ட் குட்டையான மனுஷர், கழுத்தே இல்லை. கண் மட்டும் ஊசி. துரை அவரிடம் முதல் வார்த்தையாக என்ன சொன்னார்? பினோவில் சிரா, மிளகு, கவனித்துப் பாருங்கள் என்றார். போச்சு. அவர் நாக்கிலும் மிளகு போட்டாயிற்று. போதாததற்கு, கலப்பு கல்கத்தாவில்தான் நடந்தது என்றால் அவர் கம்பெனிக்கு நிம்மதி. தன் பாட்டில் சுத்தம், நம் பீப்பாய் கலப்பு என்று நாக்கு சொல்லத்தான் அவருக்கு வேண்டும்.

திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு ருசி பார்க்கிறார்கள்.

நவம்பர் 21, ஞாயிறு

தூக்கமில்லை. ஒன்று தோன்றுகிறது.

பாட்டில் திறந்ததும் முதல் ஊற்று என்னுடையது. யார் வாய் வைப்பதற்கும் முன்னால், இரண்டு பாட்டிலும் என் கைக்கு வரும். மூலையில் சுவரைப் பார்த்து நின்றுதான் நான் டம்ளரைத் தூக்குவேன், பிறத்தியார் பார்க்கக் குடிப்பது எனக்கு வழக்கமில்லை, துரைக்குத் தெரியும். அங்கிருந்து அவர்களுக்கான கூஜாவில் ஊற்றிக் கொண்டுவருவதும் நான்தான்.

இரண்டு கூஜாவிலும் ஒரே ஒயினை ஊற்றினால்?

பிடிபட்டால் நானும் கூட்டுக் களவாணி. எனக்கும் விலங்கு. நாகலக்ஷ்மியிடம் சொன்னேன். "விளையாட்டாலே வந்ததை விளையாட்டாலேயேவா தீர்க்கப் போறேள்?" என்றாள். "வேற என்ன தெரியும்டி எனக்கு?" என்றேன். அப்புறம் வெள்ளி டம்ளரை எடுத்துச் சாம்பல் போட்டுத் தேய்க்க ஆரம்பித்தாள். இருபத்திரண்டு வருஷத்தில் அதை அவள் தொட்டது இன்றைக்குத்தான்.

நவம்பர் 22, திங்கள்

மணி மூன்று. கிடங்கில் உட்கார்ந்து எழுதுகிறேன். வீட்டுக்குப் போகக் கால் வரவில்லை.

ஏஜெண்ட் தன் பாட்டிலின் அரக்கு முத்திரையைக் காட்டினார். துரை ஆறாம் பீப்பாயிலிருந்து அவர் கண் முன்னால் ஒரு பாட்டில் நிரப்பி, தக்கை அடித்து, தக்கையின் மேல் இரண்டு பேரும் மையால் கையெழுத்துப் போட்டார்கள். இரண்டையும் என்னிடம் கொடுத்தார்கள். கூஜா இரண்டு. ஒன்றின் கழுத்தில் வெள்ளை நூல், பிரான்ஸ் பாட்டிலுக்கு. மற்றதில் சிவப்பு நூல், ஆறாம் பீப்பாய்க்கு.

மூலைக்குப் போனேன். முதுகில் நாலு கண் இருப்பது தெரிந்தது. பிரான்ஸ் பாட்டிலின் அரக்கை உடைத்துத் தக்கையை உருவினேன். டம்ளரில் ஊற்றினேன். வெள்ளை நூல் கூஜாவில் பாதி. சிவப்பு நூல் கூஜாவில் மீதி. கூஜா விளிம்பில் பாட்டில் டிங் டிங் என்று அடித்தது. ஆறாம் பீப்பாய்ப் பாட்டிலை மேல்துண்டால் மூடி அப்படியே வைத்தேன்.

"என்ன இவ்வளவு நேரம்?" என்று துரை ஒரு அதட்டல் போட்டார்.

டம்ளரைத் தூக்கி ஊற்றிக்கொண்டிருந்தேன். அந்த அதட்டலில் மொத்தமும் உள்ளே போய்விட்டது. விழுங்கிவிட்டேன். அறுபத்துநாலு வயசில். தொண்டையிலிருந்து தொப்புள் வரை ஒரு கோடு சுட்டுக்கொண்டு இறங்கியது. பாவமா, பிராயச்சித்தம் என்ன என்று யோசிக்கக்கூட நேரமில்லை.

கொண்டுபோய் ஊற்றினேன். வெள்ளை நூல் முதலில். ஏஜெண்ட் கோப்பையை ஜன்னல் பக்கம் சாய்த்து, முகர்ந்து, உறிஞ்சி, துப்பினார். முகம் மலர்ந்தது. ரோஜா, ஈர மண், நீளமாக நிற்கிறது, தனியாக நிற்கிறது என்று துரையும் அவரும் மாற்றி மாற்றிச் சொன்னார்கள். அழகாகச் சொன்னார்கள். எல்லாம் நிஜம்.

அப்புறம் சிவப்பு நூல். துரை வாயில் வைத்ததுமே கண்ணை மூடினார். "இதோ." ஏஜெண்டும் புருவத்தைச் சுருக்கி, கனமாக இருக்கிறது, ஓரம் கரகரக்கிறது, ஆம், மிளகு, பத்தில் ஒரு பங்கு சிரா என்று தன் நோட்டில் எழுதினார். எழுதியதற்குக் கீழே கோடு வேறு போட்டார்.

நான் மூலைக்குப் போனேன். எத்தனை அடி? எட்டு இருக்கும். திரும்பி ஓடிவிடலாமா என்று ஒவ்வொரு அடிக்கும் தோன்றியது. துண்டை எடுத்து, அந்தப் பாட்டிலைக் கொண்டுவந்து மேஜை மேல் வைத்தேன். நிறைய நிறைய. தக்கை மேல் இரண்டு பேர் கையெழுத்தும் அழியாமல்.

"ஆறாம் பீப்பாய் இதுக்குள்ளேயேதான் இருக்கு துரை. ரெண்டு கூஜாவிலும் அவர் கொண்டுவந்ததுதான்."

வெளியே ஆற்றில் ஒரு ஸ்டீமர் ஊதினது நினைவிருக்கிறது. துரை கையை ஓங்கினார் என்றுதான் நினைத்தேன், தலையைக் குனிந்துகொண்டேன். அடி விழவில்லை. பார்த்தால், சிவப்பு நூல் கூஜாவிலிருந்து மறுபடி ஊற்றிக் குடித்துக்கொண்டிருந்தார். விழுங்கினார். இன்னொரு தரம். கோப்பையைக் கீழே வைத்தபோது ரொம்ப வயசானவராகத் தெரிந்தார்.

ஏஜெண்ட்தான் முதலில் சிரித்தார், குட்டை உடம்பு மொத்தமும் குலுங்க. சிரித்துவிட்டுத் தன் நோட்டிலிருந்து அந்தப் பக்கத்தைக் கிழித்தார். தக்கையை அவரே பிடுங்கி ஆறாம் பீப்பாய் ஒயினை ஊற்றினார். முதலில் என் டம்ளரை நீட்டச் சொன்னார். மூன்று பேரும் வாயில் வைத்தோம். இப்போது யாருக்கும் யாரும் எதுவும் சொல்லவில்லை.

பினோ. பினோ மட்டும்தான். ஒளிய இடமில்லாமல் நின்றது.

துரை என் முகத்தைப் பார்க்காமலே கேட்டார். "அன்னிக்கு ஏன் சொன்னே?"

"விளையாட்டுக்கு."

"நான் தோளைத் தட்டினப்போ ஏன் சொல்லலே?"

கூஜாக் கழுத்திலிருந்து சிவப்பு நூலை அவிழ்த்தேன்.

கடுதாசி எழுதினார். நிமாய் திருடவில்லை, கந்தகம் என் உத்தரவின் பேரில் தொழிலுக்காக வைத்திருந்தது, இப்படிக்கு. அவரே போலீஸ் ஸ்டேஷனுக்கு எடுத்துக்கொண்டு போயிருக்கிறார். போகும்போது எனக்கு ஒரு உத்தரவு. இனிமேல் முன் அறைக்கு வரக்கூடாது. வாங்க வருகிறவர்கள் முன்னால் வாயைத் திறக்கக்கூடாது. பின்கட்டில் பீப்பாய்களோடு இரு.

வேலை போகவில்லை. ஆனால் கடுதாசியைப் பார்த்து நிமாயை விடுவார்களா?

நவம்பர் 24, புதன்

விடவில்லை. மேலதிகாரி பார்க்க வேண்டுமாம்.

நவம்பர் 26, வெள்ளி

இன்றும் இல்லை. கிரிபாலா ஸ்டேஷன் வாசலிலேயே உட்கார்ந்திருக்கிறாளாம்.

நவம்பர் 27, சனி

விட்டுவிட்டார்கள். கிரிபாலா கூட்டிக்கொண்டு போனாள். பத்தொன்பது நாள்.

நவம்பர் 28, ஞாயிறு

பெஹாலா போய் வந்தேன். நாகலக்ஷ்மி பொட்டலம் கட்டிக் கொடுத்த சீடையோடு.

நிமாய் பாயில் உட்கார்ந்திருந்தான். கிரிபாலா சாதத்தைப் பிசைந்து அவன் வாயில் போட்டுக்கொண்டிருந்தாள். வலது கை முழுக்கத் துணி. ஆள்காட்டி விரலும் நடுவிரலும் மடங்கவில்லை. குண்டு யார் செய்தது, வேறு யார் யார் என்று கேட்டார்களாம். தெரியாத பெயரை எப்படிச் சொல்வது?

என்னைப் பார்த்ததும் எழுந்து இடது கையால் என் காலைத் தொட்டான். "துரை சொன்னாரு. உங்களாலதான் வெளியே வந்தேன் டாக்குர்மொஷாய்."

துரை பாதிதான் சொல்லியிருக்கிறார். மீதியை எனக்கு விட்டுவிட்டார்.

நான் சொல்லவில்லை. சீடையை வைத்துவிட்டு வந்துவிட்டேன். வழியெல்லாம் என்னை நானே திட்டிக்கொண்டு வந்தேன். போலீஸுக்குப் பயந்தேன், துரைக்குப் பயந்தேன், சரி. கை உடைந்த ஒருத்தனிடம் எனக்கு என்ன பயம்? ஆனால் இதுதான் பெரிசாக இருக்கிறது.

டிசம்பர் 3, வெள்ளி

நிமாய் வேலைக்கு வந்துவிட்டான். துணியைப் பிரித்தாயிற்று, விரல் அப்படியேதான். பழக்கத்தில் பீப்பாயைத் தட்ட வலது கையைத் தூக்கினான். பாதி வழியில் நிறுத்தினான். இடது கையால் தட்டிக் காதை வைத்துக் கேட்டான். மறுபடி தட்டினான். "தெரியலை" என்றான், பீப்பாயிடம்.

டிசம்பர் 6, திங்கள்

காலையில் சொன்னேன்.

பின்கட்டில் இரண்டு பேர்தான். புது வளையம் மாட்ட வேண்டிய பீப்பாய் ஒன்று நடுவில். அதன் அந்தப் பக்கம் அவன், இந்தப் பக்கம் நான். மீசைக்காரன் வந்தது, மிளகு என்று நான் சொன்னது, உன்னிடம் சொல்லிச் சிரிக்க வைத்திருந்தது, துரை தட்டிக் கொடுத்ததும் வாயை மூடிக்கொண்டது, கிரிபாலா வந்தபோது சமையல் உள்ளில் ஒளிந்தது. எதையும் விடவில்லை. எனக்குத் தெரிந்த ஓட்டை வங்காளியில் சொன்னேன். அதில் மழுப்ப எனக்கு வார்த்தை தெரியாது.

நிமாய் கேட்டுக்கொண்டே இருந்தான். முடித்ததும் ஒன்றே ஒன்று கேட்டான்.

"அந்த மீசைத் துரை நம்பினானா?"

"நம்பினான்."

தலையை ஆட்டினான். இரும்பு வளையத்தை எடுத்துப் பீப்பாய்மேல் கவிழ்த்தான். வளையத்தை இறக்க உளியை அதன் விளிம்பில் வைத்துப் பிடித்துக்கொண்டு சுத்தியால் அடிக்க வேண்டும். உளி பிடிக்க ஒரு கை, சுத்திக்கு ஒரு கை. முன்பெல்லாம் அவனே இரண்டும் செய்வான்.

உளியை என் பக்கம் நீட்டினான். "பிடிங்க."

இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். பிடி குட்டை. என் விரலுக்கு மேலே இரும்பு அரை அங்குலம்கூட இல்லை.

"அசையாதீங்க" என்றான். பெரிய சுத்தியை இடது கையில் எடுத்தான். அந்தக் கைக்கு அது புதுசு. தூக்கும்போதே தோள் கோணியது.

நான் கண்ணை மூடவில்லை. அடி உளி மேல்தான் விழுந்தது. சாயங்காலத்துக்குள் நாலு பீப்பாய் முடித்தோம். நாளைக்கு இன்னும் ஏழு இருக்கிறது.